அமெரிக்க அதிபரின் இரண்டு கையெழுத்துகள்

"அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார்" என்று செய்தி வந்தால், எதில் கையெழுத்திட்டார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பிய மசோதா என்றால், அது சட்டமாகிவிட்டது. அவரே பிறப்பிக்கும் நிர்வாக ஆணை என்றால், அது அரசுத் துறைகளுக்கு அவர் இடும் உத்தரவு. அரசியலமைப்போ, நடைமுறையில் உள்ள ஒரு சட்டமோ கொடுத்த அதிகாரத்துக்குள் அந்த ஆணை அடங்க வேண்டும். கொரியப் போர்க் காலத்தில், 1952இல், எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும்படி ட்ரூமன் இட்ட ஆணை அப்படி அடங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நீதிமன்றம் தலையிடாவிட்டாலும், அடுத்து வரும் அதிபர் பதவியேற்ற அன்றே முந்தையவரின் ஆணையை ரத்து செய்யலாம்.

அங்கே காங்கிரஸ் என்பது கட்சி அல்ல, நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். அதிபர் இரண்டிலும் உறுப்பினர் இல்லை.

இரு சபைகளும் ஒரே வாசகத்தில் நிறைவேற்றிய மசோதா கைக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 10 நாள் அதிபருக்கு அவகாசம். கையெழுத்திடலாம். ஆட்சேபணைகளை எழுதி, மசோதா தொடங்கிய சபைக்கே திருப்பி அனுப்பலாம், அதுதான் வீட்டோ. எதுவும் செய்யாமல் வைத்திருந்தால், 10 நாள் கழித்து மசோதா தானாகவே சட்டமாகிவிடும். ஆனால் அந்த 10 நாளுக்குள் காங்கிரஸ் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போய், திருப்பி அனுப்ப வழியில்லை என்றால் மசோதா செத்துவிடும். சட்டைப் பையில் போட்டு மறந்துவிடுவது போல இருப்பதால் இதற்கு பாக்கெட் வீட்டோ என்று பெயர். பிடிக்காத வரிகளை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்கும் அதிகாரத்தை 1996இல் ஒரு சட்டம் அதிபருக்குத் தந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏற்றால் முழுதாக ஏற்க வேண்டும்.

வீட்டோவை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எல்லோரும் வாக்களித்தால் 290, 67. இந்தக் கணக்கை அதிபர் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள்: செனட்டில் 34 பேர் துணை நின்றாலே அவருடைய வீட்டோ நிலைத்துவிடும். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 635 மசோதாக்களை வீட்டோ செய்தார், முறியடிக்கப்பட்டவை 9தான்.

இந்த மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றிக்கொண்டு போக காங்கிரஸ் ஒரு வழி வைத்திருந்தது. ஓர் அதிகாரத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பது, வேண்டாமென்றால் அதிபரின் கையெழுத்து தேவைப்படாத ஒரு தீர்மானத்தால் அதைத் தடுப்பது. 1976ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டது. அதிபர் அவசரநிலையை அறிவிக்கலாம். இரு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் அதை முடித்துவைக்கலாம்.

அந்த வழியை அடைத்தது, இதோடு சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் விசா காலாவதியாகியிருந்தது. அவரை நாடுகடத்துவதைக் குடியேற்ற நீதிபதி நிறுத்திவைத்தார். 1975இல் பிரதிநிதிகள் சபை மட்டும் ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவைத் தள்ளியது. சட்டத்தின் விளைவை உண்டாக்கும் எதுவும் இரு சபைகளையும் கடந்து அதிபரின் கைக்கும் போயாக வேண்டும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனிதருக்குக் கிடைத்த நீதி சரியானதே. ஆனால் தீர்ப்புக்கு ஏற்ப 1985இல் அவசரநிலைச் சட்டத்தைத் திருத்தியபோது, அவசரநிலையை முடிக்கும் தீர்மானமும் அதிபரின் வீட்டோவுக்கு உட்பட்டது. கடிவாளம் கைமாறியது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

அதன் விளைவு 2019இல் தெரிந்தது. அரசியலமைப்பின்படி, சட்டத்தால் ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க முடியாது. எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்ட தொகையை காங்கிரஸ் ஒதுக்கவில்லை. பிப்ரவரி 15 அன்று அவர் அவசரநிலையை அறிவித்து, ராணுவக் கட்டுமான நிதியைத் திருப்பிவிட வழி செய்துகொண்டார். அதை முடித்துவைக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 245-182, செனட்டில் 59-41 என்று நிறைவேறியது. அவருடைய சொந்தக் கட்சி செனட்டர்களிலேயே 12 பேர் ஆதரித்தார்கள். மார்ச் 15 அன்று டிரம்ப் வீட்டோ செய்தார். முறியடிக்க நடந்த வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் சபையில் 248 பேர் ஆதரவு, 181 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு இல்லை.

அந்த அவசரநிலை முடிந்தது 2021 ஜனவரி 20 அன்று, புதிதாகப் பதவியேற்ற ஜோ பைடன் இட்ட கையெழுத்தால்.