தூண்டில் அறைக்குள் எந்த ஃபோம் போடுகிறீர்கள்?

சிறு படகுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். போன மாதம் ஒருவர் படகைக் கொண்டுவந்தார். கார்பன் தூண்டில் கோல் நடுவில் ஒடிந்துவிட்டது, மாட்டியது பெரிய மீன்கூட இல்லை என்று வருத்தப்பட்டார். கோல்களை வைக்கும் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டுத் துழாவினேன். போல்ட் முனை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. கோல் ஒடிந்த இடம் சரியாக அதற்கு நேரே இருந்தது.

கார்பன் கோல் நன்றாக வளையும். ஆனால் ஒரே புள்ளியில் படும் அடியைத் தாங்காது. அடிபட்ட அன்றே ஒடியாது. இழை நசுங்கிய இடம் பலம் இழந்து நிற்கும், பிறகு ஒருநாள் பாரம் விழும்போது அங்கேயே போகும். கோலின் மேல் தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களும் இப்படித்தான். உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தாலே நரம்பை அறுத்துவிடும்.

அந்த அறையில் மெத்தை இல்லாமல் இல்லை. சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சை அடியில் விரித்திருந்தார். படகு கரையேறி நான்கு நாள் ஆகியும் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த தூண்டில் முட்களெல்லாம் துரு, ரீலின் காலில் வெள்ளைப் பொடி. பாதுகாக்கப் போட்டதே பொருளைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பதால் நீர் புகாத ஃபோம்தான் (closed-cell) படகுக்கு ஏற்றது. ஈவிஏ, பாலித்தீன் ஃபோம், நியோபிரீன் இந்த வகை. வாங்கும்போது ஒரு சிறு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். நுரையும் குமிழியுமாக வந்து, எடுத்த பின் கனத்தால் வேண்டாம். பழைய கார்பெட்டும் வேண்டாம். அது உப்புத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அலுமினியப் படகானால் ஈரக் கார்பெட்டுக்குக் கீழே தகடு குழி குழியாக அரிக்கும். ஈயக்குண்டுகளும் அலுமினியத்தின் மேல் ஈரத்தோடு கிடக்கக் கூடாது, அவற்றை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

சரி, எங்கே ஒட்டுவது? முதலில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்களை வெட்டி மூடி போடுங்கள். ஃபோம் அதற்கப்புறம். பக்கச் சுவருக்கு 5 மி.மீ. போதும், அடிக்கு 10 மி.மீ. போடுவேன். அடியில் முழுதாக விரிக்காமல் பட்டைபட்டையாக இடைவெளி விட்டு ஒட்டினால் தண்ணீர் கீழே ஓடிவிடும். வடிகால் துளையையோ காற்றுத் துளையையோ எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். மெத்தென்று இருப்பதைவிட அசையாமல் இருப்பது முக்கியம். கோலின் அடிக்கும் நடுவுக்கும் ஃபோமில் பள்ளம் வெட்டி, மேலே ஒரு வெல்க்ரோ பட்டை கட்டினால் படகு எகிறினாலும் ஒன்றோடொன்று மோதாது.

ஒட்டும் வேலையில்தான் எனக்குப் பயம் அதிகம். கான்டாக்ட் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூடிய அறையில் தலை சுற்றவைக்கும். பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தேங்கும். டேங்கை வெளியே எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, எல்லா மூடியையும் திறந்துவைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் பீடி, கிரைண்டர் எதுவும் கூடாது. உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, லேசாக உப்புத்தாள் போட்டுத் துடைத்த பிறகு, இரண்டு பக்கமும் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஓரம் உரிந்து, அந்த இடுக்கில் தண்ணீர் தங்கும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம், அந்தப் பசை அதைக் கரைத்துவிடும்.

ஒவ்வொரு முறை கரையேறியதும் மூடியைத் திறந்துவையுங்கள். ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது தண்ணீர் கசிந்தால் அந்தத் துண்டை மட்டும் உரித்து, காயவைத்து, மறுபடி ஒட்டினால் போதும்.