முப்பது கேள்வி, பத்து நிமிடம்

ஆளுக்கொரு பென்சிலையும் சில தாள்களையும் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி "தொடங்குங்கள்" என்பேன். முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்கள்.

"இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றி ஒரு கோடு வரையவும்." இதுதான் கேள்வி. சுற்றி என்றால் வட்டம் போடுவதா, கட்டம் கட்டுவதா? வாக்கியத்தின் எழுத்து என்றால் எந்த எழுத்து? அருகில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்ப்பார்கள். அவரும் விழித்துக்கொண்டிருப்பார்.

1964-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பயன்படுத்தப்பட்ட எழுத்தறிவுத் தேர்வின் நகல் அது. வாக்காளராகப் பதிவுசெய்ய வந்தவர் ஐந்தாம் வகுப்பு படித்ததற்குச் சான்று காட்ட முடியாவிட்டால் இதை எழுத வேண்டும். 30 கேள்விகள், 10 நிமிடம். ஒரு விடை தவறினாலும் தோல்வி என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். விடை சரியா தவறா என்பதைப் பதிவு அதிகாரி முடிவுசெய்வார். ஒருமுறை என் குழுவில் வந்த பெரியவர், முப்பது ஆண்டு பாலம் கட்டும் பொறியாளராக வேலை பார்த்தவர், நான்காவது நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "இதற்குச் சரியான விடைதான் என்ன?" என்று கேட்டார். "அதிகாரி உங்களைத் தேர்ச்சி பெறவிட நினைத்தால் நீங்கள் எழுதியதுதான் சரியான விடை, ஐயா" என்றேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்குக் கண்காட்சிகளைச் சுற்றிக்காட்டி விளக்குவது என் வேலை. வாக்குரிமை, சிவில் உரிமைகள் பற்றிய சமகாலக் கலைக் கண்காட்சிகள் தேர்தல் நெருங்கும் பருவத்தில் பெருகும். இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளுடன் வருகிறார்கள். பெரிய படைப்புகள் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் படிவங்களையும் கடிதங்களையும் பட்டியல்களையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் காகிதங்களின் முன் கொஞ்சம் நிற்கவைக்கத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறேன். கறுப்பினத்தவரின் வாக்குரிமை தடியடியால் மட்டும் பறிபோகவில்லை. பெரும்பாலும் ஒரு படிவத்தால், ஒரு கட்டணத்தால், ஒரு படகு நின்றுபோனதால் பறிபோனது.

படகு என்றதும் பலர் வியப்பார்கள். அதைச் சொல்கிறேன்.

அலபாமா மாநிலத்தில் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு நிலத்துண்டு இருக்கிறது. பெயர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அங்குள்ள பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியபோது கலையுலகம் அசந்துபோனது. வெளுத்துப்போன வேலைச் சட்டைகள், முழங்கால் தேய்ந்த கால்சட்டைகள், அவற்றிலிருந்து எழுந்த நீலமும் பழுப்புமான பட்டைகள். மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942-இல் தைத்த போர்வை ஒன்று உண்டு. அத்தகைய ஒரு போர்வையின் அருகே போய்ப் பாருங்கள். பை பிய்த்தெடுக்கப்பட்ட இடத்தில் மட்டும் துணி கருநீலமாக இருக்கும். சுற்றிலும் வெயில் தின்ற வெளிர்நீலம். ஒரு மனிதர் வயலில் கழித்த ஆண்டுகள் அந்த இரண்டு நீலங்களுக்கும் நடுவில் இருக்கின்றன.

இந்த ஊர்க்காரர்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குப் போக வேண்டும். படகில் போனால் சில நிமிடம். 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் பதிவுசெய்யப் போகத் தொடங்கினார்கள். 1962-இல் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அதன்பின் சாலை வழியே சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அதற்கும் வண்டி வேண்டும். யாரும் "நீங்கள் வாக்களிக்கக் கூடாது" என்று எழுதிவைக்கவில்லை. படகு ஓடவில்லை, அவ்வளவுதான். அந்த மாவட்டத்தில் மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

படகு 2006-இல்தான் திரும்பவும் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் படங்களை அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலைகளாக வெளியிட்டது. படகு நின்றிருந்த 44 ஆண்டுகளைக் குழந்தைகளிடம் சொல்லும்போது, "உங்கள் அப்பாவின் வயது" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பேன்.

இந்தப் போர்வைகளைத் தைத்தவர்கள் வாக்குரிமையைப் பற்றிக் கலை படைக்கிறோம் என்று நினைத்துத் தைக்கவில்லை. குளிருக்குத்தான் தைத்தார்கள். 1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விற்கத் தொடங்கியபோதுதான் உரிமைப் போராட்டமும் தையலும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இந்த வேறுபாட்டை மறைத்து எல்லாவற்றையும் போராட்டக் கலை என்று ஒரே பெயரில் அடைப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது என்பது என் எண்ணம்.

வன்முறையைப் பேசும் படைப்புகளிலும் பொருளைக் கவனியுங்கள் என்று சொல்வேன். தியாஸ்டர் கேட்ஸ் என்ற சிகாகோ கலைஞர் பழைய தீயணைப்புக் குழாய்களைத் தட்டையாக மடித்து வரிசையாக அடுக்கிச் சுவரில் மாட்டுகிறார். தூரத்தில் இருந்து அழகான வண்ணப் பட்டைகள் போலத் தெரியும். 1963 மே மாதம் பர்மிங்காம் நகரில் ஊர்வலம் வந்த பள்ளிக் குழந்தைகள் மீது தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அதை அறிந்தபின் அந்தப் பட்டைகளை மறுபடி அழகாக மட்டும் பார்க்க முடியாது. "இவை அந்தக் குழாய்களேதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, வேறு தீயணைப்பு நிலையங்கள் கழித்துவிட்ட குழாய்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். அதைக் கேட்பவர் பார்த்துவிட்டு மட்டும் போகவில்லை, விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இதெல்லாம் பழைய கதைதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் அந்த எழுத்தறிவுத் தேர்வுகளை ஒழித்தது. பாகுபாடு காட்டிய வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதி எதையும் மாற்றுவதற்கு முன்பே மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. எந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் விதியை 2013 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது. விதி போனதும் முன் ஒப்புதல் ஏற்பாடும் செயலற்றுப்போனது. கதை பழையதில்லை.

பார்வையாளர்கள் அதிகம் பேசத் தொடங்கும் படைப்பு ஒன்று உண்டு. அதன் ஒளிப்படத்தை வைத்துத்தான் நான் விளக்குகிறேன். 1970-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் இரண்டு ஒளிபுகும் வாக்குப்பெட்டிகளை வைத்தார். அப்போதைய நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் அந்த ஆண்டு நவம்பரில் மறுபடி போட்டியிட இருந்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதிபர் நிக்சன் அரசின் இந்தோசீனக் கொள்கையை அவர் கண்டிக்காதது அவருக்கு வாக்களிக்காமல் இருக்க உங்களுக்கு ஒரு காரணமாகுமா என்பது கேள்வி. ஆம் என்றால் இடதுபெட்டி, இல்லை என்றால் வலதுபெட்டி. ராக்கஃபெல்லர் குடும்பம்தான் அந்த அருங்காட்சியகத்தின் தூண். நாளுக்கு நாள் இடதுபெட்டியில் சீட்டுகள் ஏறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முடிவில் "ஆம்" சீட்டுகள் "இல்லை" சீட்டுகளைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

நவம்பரில் ராக்கஃபெல்லர் வெற்றிபெற்றார். இதையும் நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் மட்டுமே வாக்காளர்கள் அல்ல. கண்காட்சியில் கைதட்டிவிட்டு, தேர்தல் நாளன்று வீட்டில் இருந்துவிடுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். 1971-இல் ஹாக்கேயின் தனிக் கண்காட்சியைக் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன் ரத்துசெய்தது. நியூயார்க்கின் குடியிருப்பு வீடுகளின் உரிமையாளர் கும்பல் ஒன்றைப் பற்றி, அரசு ஆவணங்களை வைத்தே அவர் செய்திருந்த படைப்பு முக்கியக் காரணம். ரத்தை எதிர்த்த கண்காட்சிப் பொறுப்பாளர் வேலையை இழந்தார். சுதந்திரத்தைப் பற்றிய கண்காட்சியைப் பார்க்கும்போது, சுவரில் என்ன இல்லை என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கருத்துரிமை பற்றிய படைப்புகளில் எனக்கே உவப்பில்லாத ஒன்று, டிரெட் ஸ்காட் என்ற கலைஞர் 1989-இல் சிகாகோ கலைக் கல்லூரியில் வைத்தது. தரையில் அமெரிக்கக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் சுவரில் ஒரு பலகையும் அதில் கருத்து எழுதும் புத்தகமும். வசதியாக நின்று எழுதப் போனால் கொடியை மிதிக்க நேரும். ஊரே கொந்தளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் கொடிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தக் கொடியை மிதிக்க எனக்கு மனம் வராது. ஆனால் மிதிக்காமல் கையை எட்டி நீட்டி எழுதிவிட்டுப் போகவும் அங்கே வழி இருந்தது. எனக்குப் பிடிக்காததைச் சொல்லவும் அதே புத்தகத்தில் இடம் இருந்தது.

நம்மவர்களை மிகவும் தொடுவது ஆரம் ஹான் சிஃபுவெண்டஸ் என்ற கொரிய அமெரிக்கக் கலைஞரின் வேலை. 2016 தேர்தலின்போது அவர் ஒரு வாக்குச்சாவடி அமைத்தார். சட்டப்படி வாக்களிக்க முடியாதவர்களுக்கான சாவடி: குடியுரிமை இல்லாதவர்கள், பதினெட்டு நிரம்பாதவர்கள், சிறையில் இருப்பவர்கள். அவருடைய வேறொரு தொடரில், குடியுரிமைத் தேர்வின் கேள்வி பதில்களைக் குடியேறியவர்கள் துணியில் எம்பிராய்டரி செய்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் எவ்வளவோ, துணியின் விலையும் அவ்வளவே. பதினைந்து ஆண்டுகளாக வேலை விசாவில் இருந்து வரி கட்டும் ஒருவர் அதன் முன் நின்று, "எங்களையும் யாரோ எண்ணியிருக்கிறார்கள்" என்று மெல்லச் சொன்னார்.

ஆனால் கலைக்கூடத்தின் சாவடி வேறு, வாசலில் இருக்கும் மேசை வேறு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட கண்காட்சிகளின் வாசலில் தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவு மேசை போடுவது வழக்கம். உள்ளே பார்த்த நெகிழ்ச்சியோடு வெளியே வருகிறவர் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்கிவிடுகிறார். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்வதை நானே இருமுறை தடுத்திருக்கிறேன். நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்விக்குக் குடியுரிமை பெறாதவர் ஆம் என்று குறித்துவிட்டால் பிற்காலக் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும். நாடுகடத்தும் நடவடிக்கைவரை போகக்கூடும். ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலும் இதே கேள்வி வரும், அங்கும் நிதானமாகப் படியுங்கள். ஏற்கெனவே தவறுதலாகக் குறித்துவிட்டிருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், மறைக்காதீர்கள்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறாது. நாம்தான் பதிவுசெய்ய வேண்டும். வடக்கு டகோட்டாவில் மட்டும் பதிவே கிடையாது. மற்ற மாநிலங்களில் கடைசி நாள் மாறும். சிலவற்றில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே மூடிவிடுவார்கள், சிலவற்றில் தேர்தல் நாளன்றும் பதியலாம். வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். தேர்தல் அலுவலகத்தில் இருந்து முகவரியை உறுதிசெய்யச் சொல்லி வரும் அஞ்சலட்டையை விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். அதற்குப் பதில் அனுப்பாமல், அடுத்த இரண்டு பொதுத் தேர்தல்களிலும் வாக்களிக்காமல் இருந்தால் பெயரை நீக்க மத்தியச் சட்டம் இடம் தருகிறது.

பெயர் விஷயம் நமக்குத் தனித் தலைவலி. ஒரு ஆவணத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராக இருக்கும், இன்னொன்றில் முதல் எழுத்து மட்டும் இருக்கும், மூன்றாவதில் இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். 2018-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய 53,000 பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் வைக்கப்பட்டன. விண்ணப்பத்தில் இருக்கும் விவரம் அரசுப் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற விதிதான் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். நிறுத்திவைக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர்.

அண்மையில் ஒரு குழுவுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்ற ஆண்டு குடியுரிமை பெற்ற ஒரு பெண் கைப்பேசியை எடுத்தார். மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் தன் பெயரைத் தேடினார். வரவில்லை. முன்பெயரையும் பின்பெயரையும் மாற்றிப் போட்டுத் தேடினார். வந்தது, ஓர் எழுத்து குறைவாக. குழு அடுத்த அறைக்குப் போய்விட்டது. அவர் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் நின்று, லூசியானா தேர்வுக்காக நான் கொடுத்திருந்த பென்சிலால், அந்தத் தேர்வுத்தாளின் பின்பக்கத்திலேயே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார்.