ரத்தப் பரிசோதனையில் ஒளிரும் கடல்பாசி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணன் மொவளுக்கு திருவனந்தபுரத்துல ரத்தம் எடுத்துப் பாத்தாவ. ரிப்போர்ட்டுல சி.டி. 19 பாசிட்டிவ், சி.டி. 10 பாசிட்டிவ்னு போட்டிருக்கு. இது என்ன கிருமி சார்? வீட்டுல மத்த பிள்ளையளுக்கும் ஒட்டுமா?"

ஒட்டாது. இது கிருமியே இல்லை. சி.டி. 19 உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இருக்கிறது. வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களுக்கு 1982இல் பாரிசில் கூடிய ஆய்வாளர்கள் சி.டி. என்ற முன்னெழுத்தோடு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். பட்டியல் இன்று 370ஐத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே கடத்தும் ஏற்பிகளும், அவற்றுக்குத் துணை நிற்கும் புரதங்களும் அதில் ஏராளம். சி.டி. 4 உதவி டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் இருப்பது, எச்.ஐ.வி. அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. சி.டி. 19 பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களுக்கு உரியது.

பி செல்லையும் டி செல்லையும் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் போய் ஒட்டும் புரதமான ஆன்டிபாடி தேவைப்படுகிறது. ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் உற்பத்தி செய்யும் வழியைக் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் கண்டுபிடித்தார்கள். 1984இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஆன்டிபாடி போய் ஒட்டியது நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதன் மேல் ஒளிரும் பொருள் ஒன்றைப் பிணைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் அத்தகைய பொருள்களில் ஒன்று ஃபைக்கோஎரித்ரின். அது பிறக்கும் இடம் கடல்.

குமரிக் கடற்கரையில் முட்டம், கடியபட்டினம் பாறைகளில் அலை வடியும்போது தெரியும் சிவப்புப் பாசிகளுக்கு நிறம் கொடுப்பது இந்தப் புரதம்தான். சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே குடித்துவிடும். ஆழத்துக்கு இறங்குவது பச்சையும் நீலமும். பச்சை ஒளியைப் பிடிப்பதில் பச்சையத்துக்குத் திறமை போதாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பாசிக்கு ஃபைக்கோஎரித்ரின். ஒரு மூலக்கூறில் ஒளியை வாங்கும் நிறமித் துணுக்குகள் 34 இருக்கின்றன. வாங்கிய ஆற்றலை அது வைத்துக்கொள்வதில்லை. கான்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிவிடுவார்களே, அதுபோல பாசியில் உள்ள மற்ற நிறமிப் புரதங்களான ஃபைக்கோசயனினுக்கும், அங்கிருந்து அல்லோஃபைக்கோசயனினுக்கும், கடைசியில் பச்சையத்துக்கும் ஆற்றல் போய்ச் சேருகிறது. இத்தனையும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில்! வழியில் சிந்துவது மிகச் சொற்பம். அதனால் உயிருள்ள பாசியில் இந்தப் புரதம் அவ்வளவாக ஒளிர்வதில்லை.

இப்போது அந்த வரிசையிலிருந்து ஃபைக்கோஎரித்ரினை மட்டும் பிரித்தெடுங்கள். ஒளியை முன்போலவே வாங்கும், ஆனால் கைமாற்ற அடுத்த ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் வாங்கியதில் பெரும்பகுதியை ஆரஞ்சு ஒளியாக வெளியே விடுகிறது. எனக்கு இதைவிட அழகான வேதியியல் தெரியாது. புதிதாகப் பறித்த சிவப்புப் பாசியை அரைத்துக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடிகட்டினால் இளஞ்சிவப்பு நீர் இறங்கும். இருட்டறையில் அதன் மேல் நீல டார்ச் அடித்தால் ஆரஞ்சாக மினுங்கும். பள்ளி ஆசிரியர்கள் செய்து காட்டலாம்.

1982இல் கிளேசர், ஸ்ட்ரையர், ஓய் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை ஆன்டிபாடியோடு பிணைத்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் டால்டன் அலகில் ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000. அது சுமக்கும் பாசிப் புரதம் 2,40,000. தன்னைவிடக் கனமான விளக்கைத் தூக்கிக்கொண்டு போயும் ஆன்டிபாடி இலக்கைத் தவறவிடுவதில்லை.

மற்றது எளிது. ரத்தத்தோடு ஆன்டிபாடியைக் கலந்து கால்மணி நேரம் இருட்டில் வைப்பார்கள். சில வெள்ளையணுக்களுக்கு எந்த ஆன்டிபாடியின் வாலையும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது பொய்யான ஒளியைத் தராமலிருக்க முன்கூட்டியே அந்தப் பிடிகளை அடைத்துவிடலாம். பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செல்கள் ஒற்றை வரிசையில், நொடிக்கு ஆயிரக்கணக்கில், 488 நானோமீட்டர் நீல லேசரைக் கடக்கின்றன. 575 நானோமீட்டர் அருகே ஆரஞ்சு ஒளி வந்தால், அந்தச் செல் 'பாசிட்டிவ்'.

ஆகவே பாசிட்டிவ் என்ற சொல் தன்னளவில் நோயைக் குறிப்பதில்லை. சி.டி. 19 உள்ள செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, அவற்றில் முதிராத செல்களுக்குரிய சி.டி. 10 போன்ற குறிகளும் சேர்ந்து தெரிந்தால்தான் மருத்துவர் பி செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிப்பார். முடிவு சொல்ல எலும்பு மஜ்ஜையையும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இந்த வகை லுக்கீமியா, உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அந்த நேரத்தைத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சூரணம் விற்பவர்களும், கண்ணேறு கழிப்பவர்களும் திருடுகிறார்கள். நூல் கட்டுவது உங்கள் மன ஆறுதலுக்கு என்றால் கட்டுங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை நமக்கு வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. 2 முதல் 8 டிகிரிக் குளிரில், வெளிச்சம் படாமல், உறைந்தும் போகாமல் வந்து சேர வேண்டும். உறைந்தால் ஃபைக்கோஎரித்ரின் பாழ். இந்தச் செலவெல்லாம் கடைசியில் நோயாளியின் தலையில்தான் விடிகிறது. ஆனால் இங்கேயே செய்ய முடியாததல்ல: நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்து, சி.டி. 19 உள்ள செல்களைத் தாக்கவைக்கும் கார்-டி செல் சிகிச்சையை ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் இங்கேயே உருவாக்கி, 2023இல் அனுமதியும் பெற்றன. பாசி நம் கரையில் இருக்கிறது, அதைப் படித்த தாவரவியல் மாணவர்கள் குமரிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள், சோதித்துப் பார்க்க ஆய்வகங்கள் எல்லைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. ஒளிரும் ஆன்டிபாடிகளை இங்கேயே உருவாக்க இரு மாநிலங்களும் சேர்ந்து ஆய்வு நிதி ஒதுக்க வேண்டும்.