செத்தாலும் சொறிதான்

காலை ஏழு மணிக்குப் பட்டினப்பாக்கம் மணலில், அலை ஒதுக்கிவிட்டுப் போன இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. பெரிய நுங்கை உரித்துப் போட்டதுபோல் கண்ணாடியாக இருந்தது. அசைவு இல்லை, ஓரங்கள் வெயிலில் சுருங்கத் தொடங்கியிருந்தன. விரலால் தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “தம்பி, கை வைக்காதே. செத்தாலும் சொறி சொறிதான்.”

ஊருக்குள் நாம் ஜெல்லிமீன் என்கிறோம். புத்தகத்தில் இழுதுமீன். கடலோரத்தில் சொறி. இந்த மூன்றில் கடைசிப் பெயருக்குத்தான் என் ஓட்டு. அது மீனே இல்லை. முள் இல்லை, செவுள் இல்லை, இதயமும் மூளையும்கூட இல்லை. உடம்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உண்பதும் கழிப்பதும் ஒரே வாய் வழியாக. ஆனால் பட்டால் சொறிய வைக்கும். விலங்கியலாரும் அந்தக் குணத்தைப் பிடித்துத்தான் அந்தக் குடும்பத்துக்கே ‘நிடேரியா’ என்று பெயர் வைத்தார்கள். அதன் வேரான கிரேக்கச் சொல், நம் காஞ்சொறியைப் போல் தொட்டால் அரிக்கும் ஒரு செடியைக் குறிப்பது. கிரேக்கத்துக்காரனுக்கும் பட்டினப்பாக்கத்துக்காரருக்கும் ஒரே யோசனை!

அப்படி என்னதான் இருக்கிறது அதன் இழைகளில்? தொங்கும் ஒவ்வொரு இழையிலும் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பி, அதற்கு ஒரு மூடி. குப்பிக்குள் நீண்ட குழாய் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்டு. சட்டையைக் கழற்றும்போது கை உள்ளே இழுபட்டுப் போகிறதே, அந்த மாதிரி. குப்பியில் அடைத்திருக்கும் கரைசலின் அடர்த்தியால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், சுமார் 150 வளிமண்டல அளவில் நிற்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு, இரண்டரைதான்.

செல்லின் வெளிப்பக்கம் ஒரு சிறு மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். இரை அதில் உரசியதும் மூடி திறக்கிறது. குழாய் உட்புறம் வெளியே புரண்டபடி பாய்ந்து தோலைத் துளைத்து நஞ்சை இறக்குகிறது. 2006-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், சொறியின் உறவுக்கார உயிரான ஹைட்ராவின் குப்பி வெடிப்பதை, நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கேமராவில் பிடித்தார்கள். முதல் குத்துக்கு ஆன நேரம் வெறும் 700 நானோ நொடி, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. முடுக்கம், புவியீர்ப்பைப்போல் 50 லட்சம் மடங்குக்கும் மேல். விலங்குலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிக அரிது.

பெரியவர் சொன்னதன் சூட்சுமமும் இங்கேதான். வெடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. சொறிக்கு நரம்பு வலை ஒன்று உண்டு. அது வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் விசையும் வெடிமருந்தும் ஒவ்வொரு குப்பியிலும் தனித்தனியாக இருக்கின்றன. உடம்பு செத்தாலும், இழை அறுந்து தனியே மிதந்தாலும், வெடிக்காத குப்பிகள் விரலுக்காகக் காத்திருக்கும்.

பட்டுவிட்டால் நம்மவர்கள் முதலில் செய்வது பாட்டில் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பது. இரண்டுமே தவறு. நல்ல தண்ணீர் பட்டால் உப்புச் சமநிலை கெட்டு, மிச்சமிருக்கும் குப்பிகளும் வெடிக்கும். தேய்த்தாலும் அப்படியே. கடல் நீரால் கழுவி, இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் வைத்தால் வலி தணியும். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. சிறுநீர் வைத்தியம் வேண்டாம். அதைச் சொன்னவர் யாரோ, அவருக்குப் பட்டிருக்காது.

இதே குப்பிதான் பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்தியிடமும் குளத்து ஹைட்ராவிடமும் பவளத்திடமும் இருக்கிறது. உருவம்தான் வேறு. வாயும் இழைகளும் மேலே பார்க்க ஒட்டி உட்கார்ந்தால் சாமந்தி. கவிழ்ந்து மிதந்தால் சொறி. சொறிகளில் பலவும் சின்ன வயதில் சாமந்தி மாதிரி பாறையில் ஒட்டியே வளர்கின்றன. பிறகு அந்த உடம்பு குறுக்கே பிளந்து, அடுக்கி வைத்த சாஸர்கள்போல் ஆகி, ஒவ்வொன்றாகக் கழன்று நீந்திப் போகும்.

மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் பவளமோ, சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்ட குட்டிச் சாமந்திகளின் கூட்டம். அவற்றுக்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுவது உடம்புக்குள் குடியிருக்கும் பாசி. கடல் சூடேறிப் பாசி வெளியேறினால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். பாரிமுனைப் பக்கம் பவளக்காரத் தெருவுக்குப் பெயர் கொடுத்த சிவப்புப் பவளம் வேறு வகை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடலிலிருந்து அதை இங்கே இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றி அனுப்பினார்கள். மோதிரத்தில் இருப்பது அதன் எலும்பு மட்டுமே. அதனால் கொட்டாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன்கள் ஒதுங்கின. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள, ஓடில்லாத கடல் நத்தை அது. சொறிக் குடும்பத்தில் சேர்ந்ததல்ல. அதன் இரையோ அந்தக் குடும்பத்துக்காரர்கள்: நீலப் பொத்தான் போன்றவை. தின்னும்போது வெடிக்காத குப்பிகளைச் செரிக்காமல் குடல் வழியே கடத்தி, உடம்பின் ஓரத்தில் விரல்கள்போல் நீண்டிருக்கும் பகுதிகளின் நுனிகளில் சேர்த்துக்கொள்கிறது. அதைக் கையில் எடுத்தவரைக் கொட்டுவது, அது எப்போதோ தின்று முடித்த சொறி.