காண்ட்ராக்டர் என்று யாரைச் சொல்கிறோம்?

புதுச்சேரியில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, ஒரே குளியலறைத் தளத்தை இரண்டு முறை உடைக்க நேர்ந்தது. ஒரு சொல்லை நாங்களும் வேலைக்கு வந்தவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதுதான் காரணம். அவர் 'காண்ட்ராக்டர்' என்று அறிமுகமானார். வீட்டு வேலை முழுவதும் இனி அவர் பாடு என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். தளத்தின் அடியில் நீர் கசிந்ததும், "குழாய் போட்டவர் நீங்கள் அழைத்து வந்த ஆள் ஐயா. நான் கொத்து வேலைக்குத்தானே பேசினேன்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

காண்ட்ராக்டர் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கான்' என்றால் சேர்த்து, 'திராஹெரே' என்றால் இழுத்தல். இரு தரப்பையும் இழுத்து ஒன்றாகப் பிணைப்பது என்பது கருத்து. அதாவது அந்தச் சொல் ஓர் உடன்பாட்டைத்தான் குறிக்கிறது. எந்த வேலைக்கான உடன்பாடு என்பதைச் சொல்வதில்லை. நம் 'ஒப்பந்தம்' அப்படியே இதற்குப் பொருந்தும். ஒப்புதல், ஒப்புக்கொள்ளுதல் என்ற அதே 'ஒப்பு' இதிலும் இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. ஒப்பந்ததாரர் என்பதில் உள்ள 'தார்' பாரசீக விகுதி. தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் இருப்பது. அது பிடிக்காதவர்கள் ஒப்பந்தக்காரர் என்று எழுதலாம். இரண்டும் நல்ல வழக்குகளே.

புதுச்சேரிக்காரனாக எனக்குப் பிடித்தது பிரெஞ்சுச் சொல். கட்டட ஒப்பந்ததாரரை அம்மொழியில் 'ஆந்த்ரப்ரனர்' என்பார்கள். 'பிராந்த்ர்' என்றால் எடுத்தல். ஒரு வேலையைக் கையில் எடுப்பவர் என்பது அடிப்படைப் பொருள். இதே சொல் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் 'தொழில்முனைவோர்' ஆகிவிட்டது. ஆங்கிலம் தாளில் இட்ட கையெழுத்தைப் பார்க்கிறது என்றால், பிரெஞ்சு தோளில் ஏற்ற சுமையைப் பார்க்கிறது.

நாம் அன்றாடம் சொல்லும் 'மேஸ்திரி' போர்த்துகீசியம். 'மெஸ்த்ர', அதாவது தொழிலில் தேர்ந்த தலைவர். ஜன்னல், சாவி, அலமாரி, வராந்தா என வீட்டுச் சொற்கள் பல அந்த மொழியிலிருந்து வந்தவை. கடலூருக்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டையின் 'போர்ட்டோ நோவோ' என்ற பழைய பெயரும் அவர்கள் வைத்ததுதான். மேஸ்திரி கொத்தனார்களையும் சித்தாள்களையும் வைத்து வேலை வாங்குபவர். மின்கம்பியும் குழாயும் மரவேலையும் பெரும்பாலும் அவர் கணக்கில் வராது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் உண்மையில் மேஸ்திரி.

குத்தகையையும் இங்கே சொல்ல வேண்டும். கன்னடத்தில் 'குத்திகெதாரர்', தெலுங்கில் 'குத்தேதாரு' என்றால் ஒப்பந்ததாரர். தமிழில் குத்தகைதாரர் என்றதும் நிலமும் நெல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. கட்டட வேலைக்கு அதை இனி மீட்டெடுப்பது கடினம்.

சிக்கல் 'ஜெனரல் காண்ட்ராக்டர்' என்பதில்தான் முற்றுகிறது. கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர் எல்லோரையும் தாமே அமர்த்தி, வீட்டுக்காரருக்குத் தாம் ஒருவரே பதில் சொல்பவர் அவர். 'பொது ஒப்பந்ததாரர்' என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன். அது தவறான வழிகாட்டல். தமிழில் 'பொது' என்றால் எல்லோருக்கும் உரியது. பொதுப்பணித் துறையில் வேலை எடுப்பவர் என்றே படிப்பவருக்குத் தோன்றும். ஆங்கிலச் சொல்லோ இந்த இடத்தில் 'முழுமைக்கும்' என்ற பொருளில் வருகிறது. 'முதன்மை ஒப்பந்ததாரர்' இதைவிட மேல். அவருக்குக் கீழே வேலை எடுப்பவர் 'துணை ஒப்பந்ததாரர்' என்று இணையும் கிடைக்கிறது. ஆனால் வீடு புதுப்பிப்பவருக்கு நான் சொல்வது 'முழுப்பொறுப்பு ஒப்பந்ததாரர்'. நீளம்தான். இருந்தாலும் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆட்களை மட்டும் தருபவரைக் 'கூலி ஒப்பந்ததாரர்' என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர் வீடுகளுக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவை. மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில், ஒரு சட்டம் இற்றுவிட்டால் தச்சரும் கொத்தனாரும் சேர்ந்தே கை வைக்க வேண்டும். ஒருவர் தவறை மற்றவர் மேல் போட அங்கே நிறைய இடம் இருக்கிறது. மழை பெய்து ஒழுகும்போது யாரைக் கூப்பிடுவது?

இரண்டாம் முறை வேறொருவரிடம் வேலையைக் கொடுத்தோம். ஒப்பந்தத் தாளில் 'முழுப்பொறுப்பு' என்று எழுதி, கொத்து, குழாய், மின்சாரம், மரவேலை, வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றையும் அதன் கீழே குறித்தோம். கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாகவும் சேர்த்தோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு, முன்பு பேசிய தொகையைவிடக் கூடுதலாகக் கேட்டார். கொடுத்தோம்.