சொல் விளக்கம்: அலைவழி அமைவாக்கம் (ஓடிஏ புரோவிஷனிங்)

போனைக் கையில் வாங்காமல், கம்பி எதையும் செருகாமல், ஒரு குறுஞ்செய்தியை அனுப்பியே அதன் இணைய அமைப்புகளை மாற்றிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குத் துறைப் பெயர் ‘ஓவர் தி ஏர் புரோவிஷனிங்’, சுருக்கமாக ஓடிஏ. புது சிம் போட்டவுடன் ‘அமைப்புகள் வந்துள்ளன, நிறுவவா?’ என்று சில போன்கள் கேட்பது இதனால்தான்.

‘ஏர்’ என்பது இங்கே காற்று அல்ல, ரேடியோ அலை. ‘புரோவிஷன்’ லத்தீன் மொழியின் ‘ப்ரோவிதேரே’யிலிருந்து வந்தது. ‘ப்ரோ’ என்றால் முன், ‘விதேரே’ என்றால் பார்த்தல். தேவையை முன்கூட்டிப் பார்த்து ஏற்பாடு செய்துவைப்பது என்று பொருள். தொலைபேசித் துறையில், ஒரு சந்தாதாரருக்குச் சேவையைத் திறந்துவிடும் வேலை முழுவதற்கும் இந்தச் சொல் புழங்குகிறது. கருவிக்குள் அமைப்புகளை எழுதுவது அந்த வேலையின் கடைசிப் படி.

வாப் (பழைய போன்களில் இணையத்தைக் காட்டிய முறை) காலத்தில் கேட்வே (இணையத்துக்கு வாயிலாக நிற்கும் சர்வர்) முகவரி, ஏபிஎன் (நிறுவன வலையமைப்பிலிருந்து இணையத்துக்குப் போகும் நுழைவிடத்தின் பெயர்), முகப்புப் பக்கம் எல்லாவற்றையும் எண் விசைகளில் அழுத்தி அழுத்தி உள்ளிட வேண்டியிருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இணைப்பு கிடைக்காது. அந்தத் தொல்லையைத் தீர்க்க நோக்கியாவும் எரிக்சனும் சேர்ந்து ஒரு செய்தி வடிவத்தை வகுத்தன. பின்னர் வாப் தரங்களை வகுத்த கூட்டமைப்பான வாப் ஃபோரம் பொதுத் தரம் ஒன்றை எழுதியது. 2002-இல் ஓப்பன் மொபைல் அலையன்ஸ் (ஓஎம்ஏ) என்ற தரக் கூட்டமைப்பு உருவாகி வாப் ஃபோரம் அதில் இணைந்தபின், அந்தத் தரம் ‘ஓஎம்ஏ கிளையன்ட் புரோவிஷனிங்’ என்ற பெயரில் நிலைத்தது.

பெயர் குறுஞ்செய்தி என்றாலும் உள்ளே இருப்பது படிக்கிற எழுத்து அல்ல. ஏபிஎன், பிராக்ஸி (இணையப் போக்குவரத்து கடந்துபோகும் இடைநிலை சர்வர்), அதன் போர்ட் (தரவு எந்த நிரலுக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் எண்), படச் செய்திகளுக்கான எம்எம்எஸ் முகவரி ஆகியவை எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை எழுதும் முறை) ஆவணமாக எழுதப்பட்டு, பிறகு இரும வடிவத்துக்குச் சுருக்கப்படுகின்றன. அடிக்கடி வரும் குறிச்சொல் ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் அடங்கிவிடும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். போர்ட் எண்ணும் ‘இத்தனையில் இது எத்தனையாவது துண்டு’ என்ற குறிப்பும் அடங்கிய தலைப்பு 12 பைட்டை எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு துண்டிலும் 128 பைட்தான் மிஞ்சும். தலைப்பில் இருக்கும் 2948 என்ற போர்ட் எண்ணைப் பார்த்துத்தான், இதை இன்பாக்ஸில் போடாமல் அமைப்பு நிரலிடம் கொடுக்க வேண்டும் என்று போன் தெரிந்துகொள்கிறது. துண்டுகளில் ஒன்று வராமல் போனாலும் திரையில் எதுவும் தோன்றாது. பாதிச் செய்தியைக் காட்டும் வழக்கம் இதில் இல்லை.

அனுப்பியவர் யார் என்பதைச் சரிபார்க்க ஆவணத்தோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடு வருகிறது. அதைக் கணக்கிடும் சாவி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ‘நெட்வொர்க் பின்’ முறையில், சிம்மை வலையமைப்புக்கு அடையாளம் காட்டும் ஐஎம்எஸ்ஐ எண்ணே சாவி. பயனர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ‘யூசர் பின்’ முறையில் வேறு வழியில் சொல்லப்பட்ட எண்ணைப் பயனர் உள்ளிட வேண்டும். அதிகம் கவனிக்கப்படாத கோளாறு முதல் முறையில் வருகிறது. தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கினால் போன் எண் அதேதான், ஐஎம்எஸ்ஐ பெரும்பாலும் மாறிவிடும். தொலைபேசி நிறுவனத்தின் அமைவு சர்வரில் பழைய ஐஎம்எஸ்ஐ இருந்தால் குறியீடு பொருந்தாது. எத்தனை முறை கேட்டு அனுப்பச் சொன்னாலும் போன் தள்ளிவிடும். அப்போது மறுபடி மறுபடி அனுப்பச் சொல்வதைவிட, பதிவைப் புதுப்பிக்கச் சொல்வதே தீர்வு.

இரண்டாவது முறையின் பலவீனம் வேறு. பின் எண்ணையே மோசடிக்காரர் இன்னொரு குறுஞ்செய்தியில் அனுப்பிவிடலாம். 2019 செப்டம்பரில் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, பல ஆண்ட்ராய்டு போன்களில் இவ்வகைச் செய்தியால் பிராக்ஸியை மாற்றி இணையப் போக்குவரத்தை மோசடிக்காரர் தம் பக்கம் திருப்ப முடியும் என்று காட்டியது. சில சாம்சங் போன்களில் எந்தச் சரிபார்ப்பும் இல்லாத செய்திகூட ஏற்கப்பட்டது. அந்த ஓட்டை அறிக்கை வெளிவருமுன்பே அடைக்கப்பட்டது.

இப்போது தமிழ்ச் சொல். ‘வான்வழி வழங்கல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடுகிறது. வானொலியில் ‘வான்’ பொருந்துகிறது, ஆனால் ‘வான்வழி’ என்றதும் விமானம்தான் நினைவுக்கு வரும். ‘வழங்கல்’ விநியோகத்தைச் சொல்கிறதே தவிர, கருவிக்குள் ஏதோ மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. மாறுகிறது என்பதுதான் இதில் முக்கியம். ஆகவே முறைக்கு ‘அலைவழி அமைவாக்கம்’ என்றும், வந்துசேரும் செய்திக்கு ‘அமைவுச் செய்தி’ என்றும் சொல்வது பொருத்தம். ‘அமைப்பு’ என்ற சொல் நிறுவனம், கட்டமைப்பு என்று பல சுமைகளைத் தாங்குவதால் கலைச்சொல்லில் ‘அமைவு’ தெளிவு. ஆனால் பயனருக்கு வழிகாட்டும்போது, போன் மெனுவில் இருக்கிற ‘அமைப்புகள்’ என்ற சொல்லையே எழுத வேண்டும்; திரையில் இல்லாத சொல்லைத் தேடவைக்கக் கூடாது.

இன்று ஓடிஏ என்றால் பலரும் மென்பொருள் புதுப்பிப்பையே நினைக்கிறார்கள். அதற்கு ‘அலைவழிப் புதுப்பிப்பு’ எனலாம். வாகனக் கண்காணிப்புக் கருவிகளுக்கு ‘apn’ என்ற சொல், கடவுச்சொல், ஏபிஎன் பெயர் என்ற வரிசையில் அனுப்பும் வெற்று எழுத்துச் செய்தி இன்னொரு வகை. ‘கட்டளைக் குறுஞ்செய்தி’ என்பதே அதற்குச் சரி. அங்கே பாதுகாப்பு அந்தக் கடவுச்சொல் மட்டுமே. பல கருவிகள் 123456 என்ற கடவுச்சொல்லோடே வருவதால் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும்.

ஐபோன் இந்த அமைவுச் செய்திகளை ஏற்பதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் அமைப்புகள் அதற்குத் தனிக் கோப்பாக வருகின்றன. ஆண்ட்ராய்டிலும் நாடு, நிறுவனக் குறியீடுகளின்படி ஏபிஎன் பட்டியல் உள்ளேயே இருப்பதால் தேவை குறைந்துவிட்டது. எனவே கேட்காமல் வரும் அமைவுச் செய்தியை நிறுவ வேண்டாம். நிறுவிவிட்டீர்கள் என்றால் மொபைல் நெட்வொர்க் அமைப்புகளில் ‘அக்சஸ் பாயின்ட் நேம்ஸ்’ பகுதியைத் திறந்து, பயன்பாட்டில் உள்ள பதிவின் பிராக்ஸி, போர்ட் இரண்டையும் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் மேல்மூலை மெனுவில் ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ தேர்ந்தெடுங்கள். நீங்களே கையால் சேர்த்த பதிவுகளும் அதோடு போய்விடும், முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.