கொல்லைப்புறத்துக் கொசுப் புழு: 500 வெள்ளியை யார் கட்டுவது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் யார் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போனாலும் பழைய பால் மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், ஒன்றாவது கண்ணில் படும். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும் மங்கு மட்டும் போகவில்லை. கோழிக்குத் தீனி வைக்க உதவுகிறது. மழை பெய்து ஒரு வாரம் கழித்து அதை எட்டிப் பாருங்கள். நம் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்குபவைதாம் கொசுப் புழுக்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், அதாவது சட்டம் 154, அந்த மங்கைத்தான் தேடி வருகிறது.

வீட்டில் யாருக்கும் டிங்கிக் காய்ச்சல் வந்திருக்க வேண்டியதில்லை. கொசு உற்பத்தியாக இடம் கொடுப்பதே குற்றம். புழு இருந்தால் போதும், 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் போகாமலே கட்டி முடிக்கும் தண்டம், எழுதலாம். கட்டிவிட்டால் விவகாரம் அதோடு முடிந்தது. கட்டாமல் இருந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் உச்சவரம்பு 50,000 வெள்ளி, ஐந்து ஆண்டு. 'பக்கத்து வீட்டிலும்தானே இருக்கிறது' என்ற பேச்சு எடுபடாது.

வாடகைக்கு இருப்பவர்கள் 'வீட்டுக்காரரைக் கேளுங்கள்' என்று கைகாட்டுவதும் வழக்கம். சட்டமோ உரிமையாளர், குடியிருப்பவர் இருவரையும் பொறுப்பாக்குகிறது. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஓர் உரிமை உண்டு. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446இன்படி, குடியிருப்பை வாரந்தோறும் பார்வையிட்டு, சுற்றுப்புறமும் சாக்கடையும் சுத்தமாக இருப்பதை நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பலரும் இதைக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

சாக்கடை என்றதும் ஒன்று. இரவில் காதருகே ரீங்காரமிடும் கொசு பெரும்பாலும் அங்கிருந்து வருவது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், தெளிந்த நீரைத் தேடும். மங்கு, டயர், கூரைத் தகரத்தின் நீர்த்தாரை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, சாமி மேடையருகே பூ மிதக்கும் சொம்பு எல்லாம் அதற்குத் தொட்டில்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை, பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்கிறது சுகாதார அமைச்சு. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் ஏபேட் மருந்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம்.

'எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஏன் கொசு மருந்துப் புகையடிக்க வரவில்லை?' என்பது அடிக்கடி கேட்கும் குறை. புகை என்பது முறைவைத்து எல்லாருக்கும் கிடைக்கும் சேவை அல்ல. டிங்கி நோயாளியைக் கண்ட மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகே ஊழியர்கள் அந்த வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வட்டத்தில் சோதனையிட்டு மருந்தடிக்கிறார்கள். அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். மங்கில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவர்கள் வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். உணவையும் தண்ணீரையும் மூடிவைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, சற்று நேரம் வெளியே நில்லுங்கள். சோதனைக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

புதர் மண்டிக் கிடக்கும் ஆளில்லா வீடு பக்கத்தில் இருந்தால் நீங்களே உள்ளே போக வேண்டாம். வீட்டு எண், சாலைப் பெயர், வெளியிலிருந்து எடுத்த படம் ஆகியவற்றோடு மாவட்ட சுகாதார அலுவலகத்திலோ ஊராட்சி மன்றத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுறை போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.